பத்து ஐந்துக்கு எடுக்காத ரீடிங்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆபீஸ் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவர் பெயர் 'உத்தேசம்'. "உத்தேசம் வந்தாச்சா?" என்பார்கள். "உத்தேசத்துக்கு ஒரு டீ, சர்க்கரை உத்தேசமா போடுப்பா" என்பார்கள். ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, மருந்துக்கடை வாசலில் பழைய சிநேகிதன் ஒருத்தன் பிடித்துக்கொண்டு, "என்ன உத்தேசம், சுகர் எவ்வளவு, உத்தேசமா?" என்று கேட்டுவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் சிரித்துவைத்தார். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு பேர் வந்து பெயர்க்காரணம் கேட்பார்கள்.

பெயர்க்காரணத்தை நாமே சொல்லிவிடலாம். அவர் கரண்ட் ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். தோளில் ஒரு பை, பைக்குள் ரீடிங் புத்தகம், டார்ச் லைட், ஒரு நாளைக்குத் தொண்ணூறு வீடு. இந்தத் தொண்ணூறு வீட்டுக்காரர்களும் மீட்டரை எங்கே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மனுஷன் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தால் வீட்டின் அழகு கெட்டுப்போகுமாம். செருப்பு அலமாரிக்குப் பின்னால், குளியலறைக் கதவுக்கு மேலே, நாய் படுத்திருக்கிற மூலைக்கு நேர் உச்சியில், இங்கெல்லாம்தான் அது குடியிருக்கும். அதனால் அந்தத் தொழிலில் 'மேஜை ரீடிங்' என்று ஒரு கலை வளர்ந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டியது, போன மாதக் கணக்கைப் பார்க்க வேண்டியது, வெயில் காலமா மழைக் காலமா என்று வானத்தை ஒரு தடவை பார்க்க வேண்டியது, ஒரு நம்பரை எழுத வேண்டியது. பக்கத்துக் கட்டத்தில் நேரம் போட வேண்டும் என்று விதி. அதையும் கடிகாரத்தைப் பார்த்து வஞ்சனையில்லாமல் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் போகும்போது கூடக் குறைய இருந்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம். இந்தக் கலையில் நம்மவர் பெரிய வித்வான் இல்லை. மாதத்துக்கு ஐந்தாறு வீடுதான்.

அந்த ஐந்தாறில் ஒரு வீடு தவறாமல் இடம்பிடிக்கும். அது கணக்கு டீச்சர் வீடு. ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தவர், மீட்டரோ வீட்டுக்கு உள்ளே சமையலறைச் சுவரில். அவராகக் கதவைத் திறந்துவிட்டால்தான் பார்க்க முடியும். திறந்துவிட்டு சும்மா இருக்கிறவரா அவர்? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "அந்த ஏழுக்குக் கால் எங்கப்பா? கழிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்று நாற்பது வயதைத் தாண்டிய ஆளுக்குப் பரீட்சை வைப்பார். தப்பாகக் கழித்தால் திரும்பக் கழிக்கச் சொல்வார். கால் மணி நேரம் போய்விடும், மானமும் கொஞ்சம் போய்விடும். ஆகவே அன்று காலை நம்மவர் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தபடியே டீச்சர் வீட்டுக் கட்டத்தில் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். நேரம் பத்து ஐந்து என்று போட்டார். ஏழுக்குக் கால் போட வேண்டிய அவசியம்கூட அன்று வரவில்லை.

அன்றுதான் டீச்சரைத் தலையில் அடித்துக் கொன்றார்கள்.

அடித்தது டீச்சருடைய தங்கச்சி மகன். வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி இரண்டு வருஷமாக நச்சரித்தவன். காலை ஒன்பதே காலுக்கு வந்தான், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான், ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸில் போய் வருகைப் பதிவு அட்டையைக் குத்திவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான். பதினொன்றரைக்குச் சமையல் செய்ய வந்த அம்மாள்தான் பார்த்துக் கூச்சல் போட்டவள். போலீஸ் முதலில் அவளைத்தான் பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் காலையில் வரச் சொல்லி, சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்காரவைத்து அனுப்பினார்கள். அப்புறம் தங்கச்சி மகனுடைய கைக்கடிகார வாரில் ரத்தம் இருப்பதைக் கண்டுபிடித்து அவனை உள்ளே போட்டார்கள்.

அவனுடைய வக்கீல் சும்மா இருப்பாரா? ரீடிங் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பத்து ஐந்துக்கு மீட்டர் பார்த்திருக்கிறார்கள். மீட்டர் உள்ளே இருக்கிறது. டீச்சர் கதவைத் திறந்துவிட்டால்தான் பார்க்க முடியும். ஆகவே பத்து ஐந்துக்கு டீச்சர் நல்லபடியாக நடமாடினார். என் கட்சிக்காரர் ஒன்பதே முக்காலிலிருந்து ஆபீஸில். அப்புறம் உள்ளே போனது யார்? சமையல்காரி." கேட்டால் கணக்கு சரியாகத்தானே வருகிறது? நம்மவரும் போலீஸில் கேட்டபோது, வேலை போய்விடுமே என்ற பயத்தில், "ஆமாம் சார், போனேன் சார்" என்று தலையாட்டி வைத்திருந்தார்.

ஆனால் கோர்ட்டுக்கு வெளியே சாட்சிகள் உட்காருகிற பெஞ்ச் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று வாய்தாவுக்கு அவரும் சமையல்காரம்மாளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவரும் ஏதாவது சமாளித்திருப்பார். மூன்றாவது தடவை கூண்டில் ஏறி, வக்கீல் புத்தகத்தை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டதும், "கையெழுத்து என்னுதுதான், ஆனா நான் அந்த வீட்டுக்குப் போகல. டீக்கடையில உக்காந்து உத்தேசமா எழுதினேன்" என்று சொல்லிவிட்டார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். கொலை நடந்து ஐந்தாம் நாள் இன்ஜினியர் வந்து அதே மீட்டரைப் பார்த்து எழுதியிருந்த நம்பர் நாலாயிரத்து ஐநூற்று எண்பத்தேழு. நம்மவர் எழுதியதைவிட இருபத்தைந்து குறைவு. மீட்டர் முன்னால்தான் ஓடும், பின்னால் ஓடாது. ஆக, அவர் போகவில்லை என்பதற்கு அந்த மீட்டரே சாட்சி.

தங்கச்சி மகனுக்குத் தண்டனை கிடைத்தது. நம்மவருக்கும் கிடைத்தது. ஆறு மாதம் சஸ்பெண்டு, ஊரின் மறுகோடிக்கு மாறுதல், ஆயுசுக்கும் உத்தேசம். எல்லாரும் செய்கிற காரியம்தான்; வாய்விட்டுச் சொன்னவன் இவன் ஒருத்தன் என்பதால் மற்றவர்களுக்கு இவன்மேல் அவ்வளவு கோபம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சூப்பிரண்டு முகத்துக்கு நேராகவே சொன்னார்.

இப்போது படக்காரர்கள் வந்த கதை.

உண்மைக் குற்றம் பற்றிய ஆவணப்படமாம், நாலு பாகமாம். டைரக்டர் ஒரு இளம்பெண், வாய்க்கு வாய் "அங்கிள், அங்கிள்" என்று குழைந்தாள். கூட வந்த நாலு பேர் கூடத்திலிருந்த சோபாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். அது சந்தோஷமாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டிலிருந்து கால் ஆடுகிற நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். நல்ல பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார்கள். பழைய தெருவுக்குக் கூட்டிப்போய், பையைத் தோளில் மாட்டி, ஒன்பது தடவை நடக்கவிட்டார்கள். வேலையில் இருந்தபோதுகூட அவர் அந்தத் தெருவில் அவ்வளவு சிரத்தையாக நடந்ததில்லை.

நாலு மணி நேரம் பேசினார். ஒன்று விடாமல் சொன்னார். டீக்கடை, பெஞ்ச், நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு, கூண்டு, சஸ்பெண்டு எல்லாம். சொல்லும்போது அழுதும்விட்டார். மைக் பாட்டரி தீர்ந்துபோனதால் இன்னொரு தடவை அழச் சொன்னார்கள். அதற்கும் அழுதார். அவ்வளவு நல்ல மனுஷன்.

படத்தின் முதல் இரண்டு பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியானது. மகள், மருமகன், சம்பந்தி எல்லாரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நம்மவர் மட்டும் பின்னால், சமையலறை வாசலில் நின்றார். குட்டு உடைந்தால் உள்ளே நழுவிவிட அதுதான் வசதியான இடம். மறுகோடி ஆபீஸுக்குப் போனது பதவி உயர்வில் என்றுதான் சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்தது.

முதல் பாகம் முழுக்கத் தங்கச்சி மகன்தான். பதினாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், மடியில் ஒரு பூனையை வைத்துத் தடவிக்கொண்டே பேசினான். பூனை வளர்க்கிறவன் பெரியம்மாவைக் கொல்லுவானா என்று நமக்கே சந்தேகம் வருகிற மாதிரி எடுத்திருந்தார்கள். கைக்கடிகார வாரில் இருந்த ரத்தத்துக்கு அரை நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள், அதுவும் சோகப் புல்லாங்குழலோடு. இரண்டாம் பாகத்தில் நம்மவர் வந்தார். தெருவில் நடந்தார். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமா, இது என் கையெழுத்துதான். பத்து அஞ்சு. அந்தத் தெருவுல பதினோரு வருஷம் ரீடிங் எடுத்தேன்" என்றார். மொத்தம் பதினோரு விநாடி. நாலு மணி நேரத்தில் மிச்சம் எங்கே போனது என்று அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, பின்னணியில் ஒரு கனத்த குரல் ஆரம்பித்தது.

"ஒரு நாள்கூடக் கடமை தவறாத ஓர் எளிய ஊழியர். அவர் எழுதிய நேரம் பொய் சொல்லாது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு டீச்சர் கதவைத் திறந்தார். அப்படியென்றால், அதற்குப் பிறகு அந்தக் கதவுக்குள் நுழைந்தது யார்?"

திரை முழுக்கச் சமையல்காரம்மாளின் பழைய படம். மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. டமார் என்று ஒரு முரசு. பாகம் முடிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இசையமைத்துச் செய்திருந்தார்கள்.

கூடத்தில் மருமகன் எழுந்து நின்று கைதட்டினார். "மாமா! கடமை தவறாத ஊழியர்னுட்டாங்க மாமா!" என்றார். சம்பந்தி வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் துடைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் உத்தேசத்தின் பெண்டாட்டியாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தவள் அவள்.

பொய் சொல்வானேன், நம்மவருக்கும் இனித்தது. இரண்டு நாள் நன்றாகவே இனித்தது. மருந்துக்கடைச் சிநேகிதன் தேடி வந்து, "சார்" என்று கூப்பிட்டான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம், கேடயம் ஒன்று சொல்லியிருக்கிறோம், அதில் 'நேரம் தவறாதவர்' என்று போடலாமா, 'நேர்மை தவறாதவர்' என்று போடலாமா என்று யோசனை கேட்டார்.

"செயலாளர் சார், விஷயம் அப்படியில்ல. நான் அன்னிக்கு அந்த வீட்டுக்கே போகல" என்றார் நம்மவர்.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, இந்தத் தன்னடக்கம்தான் சார் இந்தக் காலத்துல இல்ல!" என்று சொல்லிவிட்டு, கேடயத்தில் இரண்டையுமே போட்டுவிடுவது என்று முடிவெடுத்துப் போய்விட்டார்.

புதன்கிழமை மனைவி கைபேசியைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினாள். ஒரு சின்ன வீடு. வாசலில் நாலைந்து பேர் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, டீச்சர எதுக்கு அடிச்ச?" என்று ஒருத்தன் மதில்மேல் எக்கிக்கொண்டு கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஈரத்துணியை உதறினாள். கீழே, அவள் வேலை செய்கிற பெண்கள் விடுதியின் பெயரை எழுதி, 'உங்கள் மகள் சாப்பிடுவது யார் கையால் தெரியுமா?' என்று கேட்டிருந்தார்கள். விடுதியில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக இன்னொருவர் சந்தோஷமாகத் தகவல் போட்டிருந்தார். பதினாறு வருஷ வேலை. புருஷன் போன பிறகு அவளைத் தாங்கி நிறுத்திய வேலை.

"அவ ஜட்டி பாவாடை காயப்போடுறதக்கூட விடாம படம் புடிக்கிறானுங்க" என்றாள் மனைவி. கைபேசியை அவர் கையில் திணித்தாள். சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நம்மவர் டைரக்டருக்குப் போன் போட்டார்.

"அங்கிள்! செம ரெஸ்பான்ஸ் அங்கிள்! உங்களத்தான் எல்லாரும் கேக்குறாங்க!"

"அம்மா, நான் போகலன்னு சொன்னேனே. அழுதேனே. ரெண்டு தடவ அழுதேனே. அது எங்கம்மா?"

"அது சூப்பர் ஃபுட்டேஜ் அங்கிள். ஆனா அத வச்சா ரெண்டாவது பாகத்துலயே எல்லாம் தெளிவாயிடுது. தெளிவாயிட்டா மூணாவது, நாலாவது பாகத்த யாரு பாப்பாங்க? நாங்க யாரையும் குத்தவாளின்னு சொல்லலையே. கேள்விதானே கேட்டிருக்கோம்!"

"அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சும்மா."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கிசுகிசுத்துக் கேட்டாள். பிறகு, "ஐயோ அங்கிள், அது ரொம்ப வருத்தம். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அவங்க கஷ்டத்தையே அடுத்த சீசனா எடுக்கலாம். நீங்க வருவீங்கதானே?" என்றாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறார். கொளுத்திவிட்டு, மறுபடி வந்து பிடுங்குகிறவர்களை அன்றுதான் பார்த்தார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை விடுதிக்கே போனார். வார்டன் அம்மாள் கண்டிப்பானவள், நல்லவள். மேஜைமேல் பெற்றோர்கள் எழுதிய புகார்க் கடிதங்கள் ஒரு கட்டு. நம்மவர் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"உக்காருங்க சார். உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் கொஞ்சமாவது மழை பெய்யுது."

அவர் உட்கார்ந்து, தான் போகவில்லை, டீக்கடையில் எழுதினேன், அந்தம்மாள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். வார்டன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"ஒரு ஏழைப் பொம்பளைக்காக உங்க பேரையே கெடுத்துக்கப் பாக்குறீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு. ஆனா அறுபது பொண்ணுங்க சாப்பிடுற இடம் இது. நீங்க இரக்கத்துல சொல்ற பொய்ய நம்பி நான் அவள அடுப்படியில விட முடியாது."

உண்மை பேசியதற்கு அவருக்குக் கிடைத்த பலன் இதுதான். கோர்ட்டில் பேசியதற்கு வேலையை விட்டு நிறுத்தினார்கள். இங்கே பேசியதற்குப் பெரிய மனசு என்று பட்டம் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைய ஆரம்பித்தார். தான் பொய்யன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். ஒரு மனுஷன் நல்லவன் என்று காட்ட ஆயிரம் பேரிடம் சான்றிதழ் வாங்கலாம். இவருக்கு வேண்டியதை யார் எழுதித் தருவார்கள்? சஸ்பெண்டு ஆர்டர் ஒன்றுதான் உண்டு. அதைத்தான் அன்றே அடுப்பில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்திருந்தாரே. பீரோ முழுக்கத் தரையில் இறங்கியது.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. இருக்காதுன்னு தெரியும், சும்மா."

மனைவி கீழே கிடந்த துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். "அதக் கொண்டுபோய்க் காட்டினா அப்புறம் சம்பந்தி வீட்டுக்கும் தெரிஞ்சுபோயிடும்" என்றாள்.

"தெரியட்டும்."

"மாப்பிள்ளை கைதட்டினாரு. அவரு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"முழிக்க முடியாதுதான்."

"ஞாயித்துக்கிழமை கேடயம்?"

"அதுல வேற யாரு பேரையாவது போட்டுக்கச் சொல்றேன்."

அவள் உள்ளே போனாள். மகளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் வைத்திருந்த உறையைக் கொண்டுவந்து, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். 'கடமையில் தவறியதற்காகவும், மின்நுகர்வோர் வீட்டுக்குச் செல்லாமலே பொய்யாகப் பதிவு செய்ததற்காகவும்' என்று அழகாகத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தியிருந்தது.

"எரிக்கச் சொன்னேனே!"

"என்னிக்காவது ஒரு நாள் உங்களுக்குத் தலைக்கனம் வந்தா காட்டலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் சிரித்தாள்.

கோர்ட்டில் தன் சாட்சியத்துக்கும் இன்ஜினியரின் அறிக்கைக்கும் நகல் வாங்க ஒன்பது நாள் ஆனது. பழைய கட்டு, எலி கடித்த ஓரம், தேடுகிற குமாஸ்தாவுக்கு ஜலதோஷம். அதற்குள் கேடய ஞாயிறு வந்தது. நம்மவர் கூட்டத்துக்குப் போய், மைக்கைப் பிடித்து, சஸ்பெண்டு ஆர்டரை முழுக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் யாரோ பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள். அப்புறம் அர்த்தம் புரிந்து நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் கேடயத்தைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு பிஸ்கட்டாவது கொடுங்கள் என்றார். மருமகன் பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். மகள் அன்றைக்குப் போன் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பட்ட வலி கூண்டில் நின்றபோது பட்டதைவிட அதிகம் என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

நகல் கிடைத்ததும் மறுபடி விடுதிக்குப் போனார். வார்டன் முதலில் ஆர்டரைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். மழை பெய்வதற்கு இவர் காரணமில்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு சாட்சியம். பிறகு இன்ஜினியர் அறிக்கை. அங்கேதான் நிறுத்தினாள்.

"இவரு எழுதினது ஐநூத்தி எண்பத்தேழு. அஞ்சு நாள் கழிச்சு. நீங்க முன்னாடி எழுதினது அறுநூத்திப் பன்னெண்டா?"

"ஆமாங்க."

"அதெப்படிங்க, மீட்டர் கொறையுமா?"

"கொறையாதுங்க. அதத்தான் சொல்றேன்."

வார்டன் தாளை மேஜைமேல் வைத்தாள். "இவ்வளவு பெரிய படம் எடுத்தாங்களே, இந்த ஒரு நம்பர ஒரு தடவ காட்டியிருந்தா என்ன?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து, "நீ கெளம்பி வா. இன்னிக்கே வா. பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள். புகார்க் கடிதக் கட்டின்மேல் அந்த நகலைத் தூக்கி வைத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் சமையல்காரம்மாள் வந்துவிட்டாள். நம்மவர் சமையலறைப் பின்கட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்து, அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள். பெஞ்சின் மறுஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேம்மா. நான் எல்லாத்தையும் சொன்னேன். நாலு மணி நேரம் சொன்னேன். அவங்க வெட்டிட்டாங்க."

"வெட்டாம என்ன பண்ணுவாங்க? எங்கிட்டயும் வந்தாங்க. மேக்கப் போட்டுக்கறீங்களான்னு கேட்டாங்க. போங்கடான்னுட்டேன்." தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். "அன்னிக்குக் கோர்ட்ல நீங்க சொல்லலன்னா நான் உள்ள போயிருப்பேன். எம் புள்ளைங்க தெருவுல நின்னிருக்கும். உங்க வீட்டுக்கு வந்து ஒரு நன்றி சொல்லணும்னு எத்தனையோ தடவ நெனச்சேன். ரெண்டு தடவ உங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல கால் வரல."

"நன்றியெல்லாம் எதுக்கும்மா?"

"இல்லண்ணே. சொல்லணும். ஆனா சொல்ல வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வி வரும். அதக் கேட்டா நன்றி சொன்ன மாதிரி இருக்காது."

"கேளும்மா. இனிமே எனக்கு என்ன போகப்போகுது?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அன்னிக்கு நீங்க அந்த வீட்டுக்குப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. தனக்குத்தானே அத்தனை தடவை சொல்லிப் பார்த்த பதில். "என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு தடவ மணி அடிச்சிருப்பேன். யாரும் தொறக்கலன்னதும் 'வீடு பூட்டி'ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். அவ்வளவுதாம்மா. போயிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"வீடு பூட்டியில்லண்ணே. அவன் ஓடுற அவசரத்துல சாத்தல போல. மதில் மறைக்கிறதால ரோட்டுல போறவங்களுக்குத் தெரியல. நான் வாசல் கேட்டத் தள்ளிட்டுப் போறப்பவே கதவு ஆன்னு தொறந்து கெடந்துது. டீச்சரம்மா ஹால்லயே விழுந்து கெடந்தாங்க. மடியில தூக்கி வச்சேன், மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் போச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் கோர்ட்ல சொன்னாரே. நீங்க கேக்கலையா?"

அவர் கேட்கவில்லை. சாட்சி சொன்ன அன்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு ஓடியவர், அப்புறம் அந்தக் கோர்ட் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பத்திரிகையில் வழக்குச் செய்தி வந்த பக்கத்தை மனைவி கிழித்து வைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். இப்போது நகல் வாங்கும்போதும் தனக்கு வேண்டிய இரண்டை மட்டும்தான் கேட்டு வாங்கினார்.

"நான் குத்தம் சொல்லலண்ணே" என்றாள் அவள். "என் வேலைய மீட்டுக் கொடுத்தீங்க. நல்லா இருங்க." காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அறுபது பேருக்கு ஆகணும். வரட்டுமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவர் பெஞ்சிலேயே இருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, என்னாச்சு? அவளுக்கு வேலை கெடைச்சுதா?"

"கெடைச்சிடுச்சு."

"அப்பாடா! நல்லதாப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் ஏன் அழறீங்க?"

"கதவு தொறந்துதான் இருந்துச்சாம்" என்றார்.